இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா? ஏஜ்ட் கேர் நர்ஸ்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சிஸ்டர், பதினாலாம் ரூம் பாட்டி என்னவோ மாதிரி இருக்காங்க. பிபி பார்த்தேன், நார்மல்தான். ஆனாலும் என்னவோ மாதிரி இருக்காங்க."

ஆஸ்திரேலியாவில் ஏஜ்ட் கேர் (முதியோர் பராமரிப்பு) இல்லங்களில் நைட் ஷிப்ட் பார்க்கும் எந்த நர்ஸுக்கும் இந்த வாசகம் தெரியும். மணி இரண்டு இருக்கும். கட்டடத்தில் டாக்டர் கிடையாது. எழுபது பேருக்கு ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) நீங்கள் ஒருத்தர். பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, விடியும்வரை பார்ப்பதா?

நான் தமிழ்நாட்டில் ஐ.சி.யு.வில் வேலை பார்த்துவிட்டு மெல்பர்ன் வந்தவள். அங்கே நர்ஸ் பார்த்ததைச் சொன்னால் போதும், முடிவெடுக்க பக்கத்து அறையில் டூட்டி டாக்டர் இருப்பார். இங்கே வந்த முதல் வாரமே புரிந்துவிட்டது, இரவில் கண்ணும் காதும் மட்டுமல்ல, முடிவும் நர்ஸுடையதுதான். 2023 ஜூலை 1 முதல் ஒவ்வொரு இல்லத்திலும் 24 மணி நேரமும் ஒரு ஆர்.என். இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இரவு இரண்டு மணிக்கு அந்த ஆள் எப்படி யோசிக்க வேண்டும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. நம் ஊரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இந்த வேலையில் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விக்டோரியாவில் வேலை பார்ப்பதால் உதாரணங்கள் இங்கிருந்து வரும். மற்ற மாநிலங்களில் பெயர்கள் மாறும், யோசிக்கும் முறை மாறாது.

தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. அனுப்ப வேண்டியவரை விடியட்டும் என்று வைத்துக்கொள்கிறோம். அனுப்பவே கூடாதவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுகிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: "நாளைக்கு என் மேல் பழி வருமா?" என்று நமக்குள் ஓடும் கேள்வி. அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைப் பழக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆஸ்பத்திரியில் இவருக்கு என்ன செய்வார்கள்? அதை இங்கேயே செய்ய முடியாதா? அதை இவர் விரும்புவாரா?

முதல் படி: ஷிப்ட் தொடங்கும்போதே காகிதத்தைத் தேடுங்கள்

மூன்றாவது கேள்விக்கான பதிலை நள்ளிரவில் தேடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு இது. தொண்ணூறைத் தாண்டிய ஒரு தாத்தா, கடைசிக்கட்ட இதயச் செயலிழப்பு. மூச்சு திணறியது, பயந்துபோய் அவசர எண் 000-ஐ அழைத்தேன். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில், தெரியாத முகங்களுக்கு நடுவே இறந்துபோனார். "இனி ஆஸ்பத்திரி வேண்டாம், என் அறையிலேயே இருக்கிறேன்" என்று ஆறு மாதத்துக்கு முன் அவரே கையெழுத்திட்ட காகிதம் அலுவலக அலமாரியில் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கவில்லை. ஹேண்ட்ஓவரில் (ஷிப்ட் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கையில்) யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் ஹேண்ட்ஓவர் வாங்கும்போது, உடம்பு சரியில்லாத நாலைந்து பேரைப் பற்றியாவது இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் கேர் டைரக்டிவ் (முன்கூட்டியே எழுதிவைத்த சிகிச்சை விருப்பம்) இருக்கிறதா? விக்டோரியாவில் 2018 மார்ச் 12 அன்று நடைமுறைக்கு வந்த சட்டப்படி இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, "இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம்" என்று நேரடியாகச் சொல்வது. அது மருத்துவரையும் நம்மையும் கட்டுப்படுத்தும். இன்னொன்று, தனக்கு எது முக்கியம், எப்படி வாழ விருப்பம் என்று சொல்வது. முடிவெடுப்பவர் அதை மனத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

கோல்ஸ் ஆஃப் கேர் என்ன? தீவிர சிகிச்சை வரை போகலாமா, ஆஸ்பத்திரி வார்டு வரையா, இங்கே கிடைக்கும் மருந்து மட்டுமா, வலி தெரியாமல் வைத்திருப்பது மட்டுமா?

அவரால் பேச முடியாவிட்டால் யார் முடிவெடுப்பார்? நடைமுறையில் அதிகம் குழப்புவது இதுதான். பணப் பொறுப்புக்கு பவர் ஆஃப் அட்டர்னி வாங்கிய மகன் சிகிச்சை விஷயத்தில் முடிவெடுப்பவராக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு நியமனம். விக்டோரியாவில் மெடிக்கல் ட்ரீட்மென்ட் டிசிஷன் மேக்கர் என்பார்கள், நியூ சவுத் வேல்ஸில் பர்சன் ரெஸ்பான்சிபிள். அதிகமாகச் சத்தம் போடுகிறவரே அந்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இங்கே ஒன்றை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். "நாட் ஃபார் சி.பி.ஆர்." என்றால் "நாட் ஃபார் ஹாஸ்பிடல்" அல்ல. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம் என்று சொன்னவர், நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரி போய் வர முழு மனதோடு சம்மதித்திருக்கலாம்.

இரண்டாம் படி: போனை எடுக்கும் முன் ஆளைப் போய்ப் பாருங்கள்

பி.சி.ஏ. (தினசரிப் பராமரிப்பு உதவியாளர்) சொன்ன "என்னவோ மாதிரி" என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, கழிவறைக்கு அழைத்துப் போகிறவர் அவர். நமக்கு நோயைத் தெரியும், அவருக்கு அந்த ஆளைத் தெரியும். அமெரிக்காவில் இன்டராக்ட் என்ற திட்டத்தில் "ஸ்டாப் அண்ட் வாட்ச்" என்று ஒரு பட்டியலே இதற்காகப் போட்டிருக்கிறார்கள். வழக்கத்தைவிடப் பேச்சு குறைந்ததா, சாப்பாடு குறைந்ததா, நடக்க அதிக உதவி தேவைப்படுகிறதா, மூன்று நாளாக மலம் போகவில்லையா, சோர்வாக இருக்கிறாரா என்று எல்லாமே கேரர் கண்ணில் படுகிற விஷயங்கள். மெஷின் எதுவும் வேண்டாம்.

அந்தப் பதினாலாம் ரூம் பாட்டி விஷயத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி. "நேத்துக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்?" பி.சி.ஏ. யோசித்துவிட்டுச் சொன்னார்: "சாயங்காலம் டீயைத் தள்ளிவிட்டாங்க. டீயை வேணாம்னு சொல்லி நான் பார்த்ததே இல்ல."

போய்ப் பார்த்தேன். பிபி, நாடித்துடிப்பு எல்லாம் நார்மல்தான். உடல் வெப்பம் 37.6. ஷீட்டில் பச்சைக் கட்டத்தில்தான் விழுந்தது. பின்பக்கம் புரட்டிப் பார்த்தால் மூன்று மாதமாக அவருடைய வெப்பம் 36.1, 36.0, 36.2. ஒன்றரை டிகிரி ஏறியிருக்கிறது. மூச்சை எண்ணினேன், 28. நிமோனியா.

மூன்றாம் படி: காத்திருக்கக் கூடாதவை

ஆளைப் பார்த்தவுடன் சிலவற்றில் யோசனைக்கே இடமில்லை. டைரக்டிவ் வேறு மாதிரிச் சொல்லாதவரை நேராக 000:

- முகம் கோணுதல், கை தூக்க முடியாமை, பேச்சு குழறுதல். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் பொதுவாக நாலரை மணி நேரம். முதலில் கேட்கப்போவது அதைத்தான்.
- வியர்வையோடு நெஞ்சுவலி, அல்லது ஒரு வாக்கியம் முடிக்க முடியாத மூச்சுத்திணறல்.
- தட்டினாலும் எழாத மயக்கம், ஐந்து நிமிடத்தைத் தாண்டிய வலிப்பு.
- அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்.
- விழுந்தபின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பது.
- ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டு, தூக்கமோ வாந்தியோ குழப்பமோ புதிதாக வருவது.

மயக்கமாக இருப்பவருக்குச் சர்க்கரை பார்க்காமல் 000 அழைக்காதீர்கள் என்று ஒரு சீனியர் என்னைத் திட்டியிருக்கிறார். முழுக்கச் சரியில்லை. அழைத்துக்கொண்டே பாருங்கள். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே இருந்து, விழுங்கவும் முடிகிறவராக இருந்தால், 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். இங்கே ஆறேழு ஜெல்லிபீன் என்று கணக்கு சொல்வார்கள். ஆனால் பல் இல்லாத பாட்டியிடம் ஜெல்லிபீனை நீட்டுவதைவிட ஜூஸ்தான் நல்லது.

நான்காம் படி: எண்களை நம்புங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்

அவசரம் இல்லையென்றால் நிதானமாகத் தலைமுதல் கால்வரை பாருங்கள். வயதானவர் உடம்பு நம் பாடப்புத்தகத்தைப் படித்ததில்லை.

ஆப்ஸில் (நாடி, பிபி, மூச்சு, வெப்பம் என்று நாம் எடுக்கும் அளவுகளில்) மூச்சு எண்ணிக்கைதான் அதிகம் பொய்யாக எழுதப்படுவது. யாரைப் பார்த்தாலும் 18, 18, 18 என்று இருக்கும். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாடி பிடிக்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பாருங்கள், எண்ணுவது தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார்கள். 25-ஐத் தாண்டினால் நிமோனியாவை நினையுங்கள், இருமல் இல்லாவிட்டாலும்.

வெப்பம்: முதியவர்களுக்கு வாய்வழி அளவு 37.8-க்கு மேல் போனாலோ, அவருடைய வழக்கமான அளவைவிட 1.1 டிகிரி கூடினாலோ காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 38 வரட்டும் என்று காத்திருந்தால் அது வராமலே போகும். கடைசியாக எப்போது பாரசிட்டமால் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். நாளுக்கு மூன்று வேளை மூட்டுவலிக்காகச் சாப்பிடுகிறவருக்கு வெப்பம் எப்படி ஏறும்?

நாடித்துடிப்பு: மெட்டோபிரோலால் மாதிரி, நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்கு உடம்புக்குள் தீயே எரிந்தாலும் 80-ஐத் தாண்டாமல் இருக்கலாம்.

பிபி: எப்போதும் 160 இருப்பவருக்கு 110 வந்தால் அது நார்மல் இல்லை, விழுந்திருக்கிறது.

ஆக்சிஜன்: விரல் சில்லிட்டிருந்தால் மெஷின் உளறும். தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். நாள்பட்ட சி.ஓ.பி.டி. நுரையீரல் நோய் உள்ளவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. 90-ஐப் பார்த்துப் பதறி ஆக்சிஜனை முழுக்கத் திறந்துவிடக் கூடாது.

இதற்கெல்லாம் மேலே, குழப்பம். திடீரென்று வந்த குழப்பத்தை டிமென்ஷியா (மறதிநோய்) என்று தள்ளிவிடாதீர்கள். டிமென்ஷியா மாதக்கணக்கில் நகரும், டெலீரியம் (உடல்நோயால் திடீரென வரும் மனக்குழப்பம்) மணிக்கணக்கில் மாறும். கத்தி ரகளை செய்கிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். அமைதியாகச் சுருண்டு தூங்கிக்கொண்டே இருப்பவரைப் பற்றி ஹேண்ட்ஓவரில் "செட்டில்ட், ஸ்லெப்ட் வெல்" என்று எழுதிவிடுவோம். ஆபத்து அதிகம் அவருக்குத்தான். 4ஏடி என்ற சின்னச் சோதனை இரண்டு நிமிடத்தில் முடியும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலீரியமாக இருக்கலாம்.

அதில் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். தமிழ்ப் பாட்டியிடம் டிசம்பர், நவம்பர் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு "அன்ஏபிள்" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். டிமென்ஷியா வந்துவிட்டால் பலருக்கு இரண்டாம் மொழி கழன்று தாய்மொழிதான் மிஞ்சுகிறது. தமிழ் தெரிந்த நர்ஸ் அன்றைக்கு டூட்டியில் இருந்தால் அது பாட்டியின் அதிர்ஷ்டம். இல்லையென்றால் 131 450-ஐ அழைத்தால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்.

அப்புறம், ஆஸ்பத்திரியே தேவைப்படாத காரணங்களைத் தேடுங்கள். ரகளைக்குக் காரணம் நிரம்பிய மூத்திரப்பையாக இருக்கலாம், ஆறு நாள் மலச்சிக்கலாக இருக்கலாம், வலியாக இருக்கலாம். பேச முடியாதவருக்கு அபே பெயின் ஸ்கேல் போடுங்கள். முனகல், முகச்சுளிப்பு, உடல் அசைவு என்று ஆறு விஷயம் பார்ப்பது, 14 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான வலி.

சிறுநீர் பற்றி ஒரு வார்த்தை. "யூரின் நாறுது, டிப்ஸ்டிக் பாசிட்டிவ், யு.டி.ஐ." (பட்டைச் சோதனையில் தெரிகிறது, ஆக சிறுநீர்த் தொற்று) என்பது ஏஜ்ட் கேரின் தேசிய கீதம். இல்லங்களில் வாழும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 15 முதல் 40 சதவீதம் பேருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். ஆக, டிப்ஸ்டிக் பாசிட்டிவ் ஆவது எதையும் நிரூபிக்காது. அதைப் பிடித்துக்கொண்டு ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு, உண்மைக் காரணத்தை நாலு நாள் கோட்டைவிடுவோம்.

ஐந்தாம் படி: விழுந்தவர்

இரவு அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தூக்காதீர்கள். பி.சி.ஏ. இருவர் அக்குளில் கைவைத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடும் பழக்கம் உங்கள் இல்லத்தில் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். அறை வாசலில் நின்று ஒரு நொடி பாருங்கள்: எப்படிக் கிடக்கிறார், தலை எதன் பக்கத்தில், தரை ஈரமா, செருப்பு எங்கே? பிறகு பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். கழுத்து வலிக்கிறதா என்று கேளுங்கள். தலையைத் தடவிப் பாருங்கள், வீக்கம் முடிக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இடுப்பெலும்பு முறிந்த எல்லோருக்கும் கால் குட்டையாகாது. எலும்பு ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டால் எழுந்து நாலடி நடக்கவும் செய்வார்கள். முழங்கால் வலிக்கிறது என்பார்கள், தவறு இடுப்பில் இருக்கும். விழுந்தவர் மறுநாள் "இன்னிக்கு நடக்க மாட்டேன்" என்றால் அது பிடிவாதம் இல்லை, எக்ஸ்ரே எடுக்க வேண்டிய விஷயம். இல்லத்துக்கே வந்து எக்ஸ்ரே எடுக்கும் மொபைல் சேவை இருக்கிறது, நிலைமை அவசரமில்லாதபோது அதைக் கேளுங்கள்.

யாரும் பார்க்காமல் விழுந்திருந்தால் தலையில் அடிபட்டதாகவே எடுத்துக்கொண்டு நியூரோ ஆப்ஸ் (நினைவு, கண்பாவை, கை கால் பலம் பார்ப்பது) தொடங்குங்கள். அவரே "தலைல படல" என்றாலும்தான். டிமென்ஷியா உள்ளவரின் வாக்குமூலத்தை வைத்துச் சோதனையைக் கைவிட முடியாது. வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான் மாதிரி ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடி என்றால், பார்க்க நன்றாக இருந்தாலும், உடனே டாக்டரிடம் பேசியாக வேண்டும். பெரும்பாலும் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பத்தான் சொல்வார்கள்.

ஆனால் இங்கேயும் அந்த மூன்று கேள்விகள் உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும், எந்த ஆபரேஷனும் வேண்டாம் என்று சொல்லியிருக்கும் ஒருவருக்கு ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரிந்தால் என்ன செய்யப்போகிறார்கள்? ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால், ஆறு மணி நேரம் டிராலியில் கிடத்தி எடுக்கும் படம் யாருக்காக? இதை நீங்கள் தனியாகத் தீர்மானிக்க வேண்டாம். டாக்டரிடமும் குடும்பத்திடமும் இந்தக் கேள்வியைக் கேட்பது உங்கள் வேலை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "கம்ஃபர்ட் கேர்" என்று எழுதியிருக்கிறதே என்று இடுப்பு முறிந்தவரை அப்படியே கட்டிலில் விட்டுவிடுவது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் அலறுவார். சிலருக்கு ஆபரேஷனே வலியைக் குறைக்கும் வழி. கம்ஃபர்ட் என்றால் வலியில்லாமல் வைத்திருப்பது. அதற்கு ஆஸ்பத்திரி தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிதான்.

ஆறாம் படி: யாரை அழைப்பது, எப்படிப் பேசுவது

ஜிபியா (வழக்கமான குடும்ப டாக்டர்) 000-ஆ என்று இரண்டே கதவு இருந்த காலம் போய்விட்டது. விக்டோரியாவில் அரசு ஆஸ்பத்திரிகளின் ரெசிடென்ஷியல் இன்-ரீச் குழு உண்டு. முதியோர் மருத்துவ அனுபவம் உள்ள டாக்டரும் நர்ஸும் இல்லத்துக்கே வந்து ஊசிவழி ஆன்டிபயாடிக், தோலடி டிரிப், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றம் எல்லாம் செய்வார்கள். அவர்கள் வேலை நேரம் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் பகுதி நேரத்தை நர்ஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டிவையுங்கள். நள்ளிரவுக்கு விக்டோரியன் வர்ச்சுவல் எமர்ஜென்சி டிபார்ட்மென்ட் இருக்கிறது. நார்தர்ன் ஹெல்த் நடத்துவது. வீடியோவில் எமர்ஜென்சி டாக்டரே வந்து ரெசிடென்டைப் பார்ப்பார். குவீன்ஸ்லாந்தில் இதே மாதிரி வேலையைச் செய்யும் குழுக்களை ராஸ் என்பார்கள். வந்து பார்க்கும் லோக்கம் டாக்டர் இன்னொரு வழி. ஆனால் அவர் வர நாலு மணி நேரம் ஆகும் என்றால், காத்திருக்கக் கூடிய கேஸுக்கு மட்டும்தான்.

அழைக்கும்போது ஐஸ்பார் (ISBAR) முறை: நீங்கள் யார், என்ன நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, என்ன வேண்டும் என்ற வரிசை. நம்மில் பலருக்கு ஆங்கிலத்தில் போனில் பேசும்போது ஒரு தயக்கம் வரும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொடங்கி, முக்கியமானதைக் கடைசியில் முணுமுணுப்போம். காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசியுங்கள், தவறே இல்லை. பதினாலாம் ரூம் பாட்டிக்கு நான் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"நான் இரவு ஆர்.என். 87 வயதுப் பெண்மணி, இன்று மாலையிலிருந்து புதிதாகச் சோர்வு, சாப்பாடு மறுப்பு. மூச்சு 28, நேற்று 18. வெப்பம் 37.6, வழக்கம் 36.1. ஆக்சிஜன் 91, வழக்கம் 96. வலது அடிப்பகுதியில் கரகரப்பு. லேசான டிமென்ஷியா, வாக்கரில் நடப்பவர், விழுங்குவதில் சிரமம் இல்லை. கோல்ஸ் ஆஃப் கேர்: முடிந்தவரை இல்லத்திலேயே சிகிச்சை, குணமாகக்கூடியதற்கு ஆஸ்பத்திரி சம்மதம். நிமோனியா என்று நினைக்கிறேன். இங்கேயே ஆன்டிபயாடிக் தொடங்க முடியுமா, அல்லது அனுப்ப வேண்டுமா என்று நீங்கள் பார்க்க வேண்டும்."

ஒரு நிமிடம்கூட ஆகாது. கடைசி வரிதான் உயிர். என்ன வேண்டும் என்று கேட்காமல் போனை வைத்தால், "கீப் மானிட்டரிங்" என்ற பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலே வந்தாலும் விடாதீர்கள்: "எந்த எண் வந்தால் மறுபடி அழைக்கட்டும்?" என்று கேட்டு, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: குடும்பத்தோடு பேசுவது

இதில்தான் அனுபவம் வேலை செய்யும். எந்த வழிகாட்டியும் ஓரளவுக்குத்தான் உதவும்.

ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கடைசிக்கட்டத்தில் இருக்கிறார், விழுங்குவது நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று மகளே கையெழுத்திட்டிருந்தார். இரவு அழைத்து நிலைமை சொன்னேன். அழுதார். பிறகு, "அக்கா, ஆம்புலன்ஸ்ல ஏத்திடுங்க" என்றார்.

"ஏத்தலாம்மா. அங்க போனா அம்மாவுக்கு என்ன நடக்கணும்னு நினைக்கிறீங்க?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. "ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும்க்கா. ஆஸ்பத்திரிக்குக்கூட கொண்டு போகலையான்னு ஊர்ல மாமா கேட்பாரே, நான் என்ன சொல்ல?"

ஆக, பிரச்சினை மருத்துவம் இல்லை. மாமா. அவருக்குச் சொல்ல ஒரு பதில்தான் மகளுக்குத் தேவைப்பட்டது. "டாக்டர் பார்த்துட்டார், வலி தெரியாம மருந்து போகுது, பக்கத்துல நாங்க இருக்கோம், ஆம்புலன்ஸ்ல குலுக்கிக் கொண்டுபோனா கஷ்டம்தான்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க" என்றேன். நாற்பது நிமிடத்தில் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அனுப்பவா வேண்டாமா?" என்று குடும்பத்திடம் மொட்டையாகக் கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொல்வது அவர்கள் காதில் "சாகட்டும்" என்று சொல்வதாக விழும். என்ன பார்த்தீர்கள், என்ன நினைக்கிறீர்கள், அம்மா முன்பு என்ன சொல்லியிருந்தார், இங்கே என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள். எதுவும் "செய்யாமல்" இருக்கப்போகிறோம் என்ற தொனியே வரக் கூடாது. வலிக்கு மார்ஃபின், படபடப்புக்கு மிடாசோலம் முன்கூட்டியே எழுதி வாங்கி அலமாரியில் இருந்தால்தான் இந்த வாக்கை இரவில் காப்பாற்ற முடியும். வெள்ளிக்கிழமை மதியமே அதைச் சரிபாருங்கள். சனிக்கிழமை இரவு கடைசிக்கட்டத்தில் இருப்பவரை ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்குப் பாதி நேரம் காரணம் நோய் அல்ல, மருந்து இல்லாததுதான்.

ரெசிடென்டுக்கே புரிந்து முடிவெடுக்க முடிந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

எட்டாம் படி: அனுப்புகிறீர்கள் என்றால்

பல இல்லங்களில் மஞ்சள் உறை இருக்கும். மருந்துச் சார்ட், டைரக்டிவ் நகல், ஆப்ஸ், குடும்பத் தொலைபேசி எண் எல்லாம் அதற்குள். கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, குறிப்பாக ரத்தம் உறையாத மருந்தும் இன்சுலினும், என்று பெரிதாக எழுதுங்கள். வழக்கமாக இவர் எப்படி இருப்பார் என்று இரண்டு வரி: "வாக்கரில் நடப்பார், மகள் பெயர் சொல்வார், தமிழ் மட்டும் பேசுவார், பால் இல்லாத டீ." இது இல்லாவிட்டால் டெலீரியத்தில் பேச்சற்றுக் கிடப்பவரைப் பார்த்து, "எப்போதுமே இப்படித்தான் போல" என்று அங்கே நினைத்துவிடுவார்கள்.

கண்ணாடி, காது மெஷின், பல்செட். மூன்றையும் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு அனுப்புங்கள், என்ன அனுப்பினோம் என்று குறித்துவையுங்கள். காது கேட்காமல், கண் தெரியாமல் எமர்ஜென்சியில் கிடப்பவர் குழம்பத்தானே செய்வார். அனுப்பிய பிறகு எமர்ஜென்சியில் இருக்கும் நர்ஸை அழைத்து வாயாலும் சொல்லிவிடுங்கள். உறையைத் திறக்காமலே கட்டிலடியில் வைத்துவிடுவது உண்டு.

ஒன்பதாம் படி: வைத்துக்கொள்கிறீர்கள் என்றால்

"வில் மானிட்டர்" என்பது திட்டமில்லை. எத்தனை மணிக்கொரு தடவை, என்னென்ன பார்ப்பது, எது வந்தால் யாரை அழைப்பது என்று எழுதுங்கள். பாட்டிக்கு வீடியோவில் டாக்டர் பார்த்து, இங்கேயே ஆன்டிபயாடிக் என்று முடிவானது. நான் எழுதியது: மணிக்கொரு தடவை மூச்சும் ஆக்சிஜனும். மூச்சு 30 தாண்டினாலோ, ஆக்சிஜன் 88-க்குக் கீழே போனாலோ, எழுப்ப முடியாவிட்டாலோ 000. காலை எட்டு மணிக்கு இன்-ரீச். மகனிடம் 02:50-க்குப் பேசினேன், சம்மதம். பி.சி.ஏ.க்கும் வாயால் சொன்னேன், ஏனென்றால் அந்த எண்ணை முதலில் பார்க்கப்போவது அவர்தான்.

குறிப்பு எழுதும்போது பார்த்ததையும், ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்பதையும், யாரோடு பேசினீர்கள் என்பதையும் நேரத்தோடு எழுதுங்கள். நாளை விசாரணையே வந்தாலும் உங்களைக் காப்பது முடிவு சரியாகப் போனது அல்ல, எந்த நியாயத்தில் அப்படிச் செய்தீர்கள் என்பது எழுத்தில் இருப்பதுதான். இரண்டு முறை நினைத்தும் மனசு ஒப்பாமல் இருந்தால் மறுபடி அழையுங்கள். தொல்லை என்று நினைத்தால் நினைக்கட்டும்.

பத்தாம் படி: திரும்பி வரும்போது

பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, பார்மசி மூடிய பிறகுதான் வருவார்கள், அது ஏனோ. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பழைய மருந்துச் சார்ட்டோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எது நிறுத்தியது, எது புதிது, எது மறந்துபோனது? தெரியாவிட்டால் அன்றே வார்டை அழையுங்கள், திங்கள்கிழமை அங்கே யாருக்கும் நினைவிருக்காது. அங்கே போட்ட கதீட்டர் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேளுங்கள். போன காரணத்தை வைத்து டைரக்டிவைப் பற்றி குடும்பத்தோடு மறுபடி பேச இதைவிட நல்ல நேரம் கிடையாது, அனுபவம் பசுமையாக இருக்கும்.

கடைசியாக சாக்ஸைக் கழற்றிக் குதிகாலையும், திருப்பிப்போட்டு முதுகின் அடிப்பகுதியையும் பாருங்கள். சிவந்திருந்தால் வந்த நேரத்தோடு அன்றே எழுதி, படமும் எடுத்துவையுங்கள். மறுநாள் காலை கண்டுபிடித்தால் அது நம் இல்லத்தில் வந்த படுக்கைப்புண்ணாகிவிடும்.